மூன்றாவது ஃபேடர்

இட்டுக்கட்டிச் சொல்ல எனக்கு வராது. அந்தப் பெட்டி இன்னும் இந்தோனேசியாவின் பாண்டுங்கில், எங்கள் ஸ்டுடியோவின் பின்னறையில்தான் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் வந்து தொட்டுப் பார்க்கலாம். நான் தொட மாட்டேன்.

நோன்பு மாதம். பாட்டுக் குரல்களைக் கலக்கும் பழைய பாணி மிக்ஸர் பெட்டி ஒன்றை என் கணவர் தாதாங் வாங்கி வந்திருந்தார். அதன் விசிறி இரைவதால் பின்னறையில் வைத்தோம். அவர் முன்னறையில் உட்கார்ந்து டேப்லெட்டில் விரலை நகர்த்தினால் போதும். பின்னறைப் பெட்டியில் ஃபேடர் குமிழ்கள் மோட்டார் விசையில் தாமாக ஏறும், இறங்கும். ஏறினால் குரல் கூடும், இறங்கினால் குறையும். சரியாக நகர்கின்றனவா என்று பார்த்துச் சொல்வது என் வேலை.

பெருநாளுக்கு வெளிவரவேண்டிய பாட்டு அது. மூன்றாவது ஃபேடரில் லிலிஸின் குரல். தாதாங்கின் முதல் மனைவி. இறந்து நான்கு வருடம். நான்காவதில் என் குரல், போன வாரம் பதிந்தது. மூன்றின் கீழே ‘லிலிஸ்’ என்று அழகாக எழுதி ஒட்டியிருந்தார். நான்கின் கீழே ‘குரல் 2’.

லிலிஸின் குரல் ஓடும்போது தாதாங் கண்ணை மூடிக்கொள்வார். என் குரலுக்கு ஒருநாளும் மூடியதில்லை. ஒரே ஒருமுறை என்னை அவளுக்கு மேலே ஏற்றுவாரா... அது மட்டும்தான் எனக்கு வேண்டியிருந்தது.

ஹெட்போனில் அவர் குரல் வந்தது.

“மூணு. ஏறுதா?”

“உங்க ராணிக்கென்ன, ஜம்முனு ஏறுறா.”

“நோன்பும் அதுவுமா சண்டைக்கு வராதடி. நாலு?”

“ஏறுது. பாவம், அதுக்குத்தான் பேரே இல்ல.”

“உன் பேரு மனப்பாடம். எழுதி வேற ஒட்டணுமா?”

சிரித்துவிட்டேன். அதன் பிறகு அரை மணி நேரமாகப் பாட்டு திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது. மணி ஐந்து நாற்பது. நோன்பு திறக்க இன்னும் சில நிமிடங்களே இருந்தன.

மூன்றாவது ஃபேடர் அசைந்தது.

மெல்ல... கீழே. லிலிஸின் குரல் தேய்ந்தது. நான்காவது ஏறியது. ஹெட்போன் முழுக்க நான்!

“என்னங்க, இன்னிக்கு மழைதான் போங்க,” என்றேன். மனம் குளிர்ந்துவிட்டது.

ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

இஞ்சி மிட்டாய் வாசனை அடித்தது. நோன்பு நேரத்தில் யார் தின்கிறார்கள்?

“ஏங்க?”

ஹெட்போனில் யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள். பாடுவதற்கு முன் இழுப்பதுபோல.

மூன்று அடிமட்டத்துக்குப் போய் நின்றது. டக்.

நான்கின் மீது விரலை வைத்தேன். ஏசி அறை. இரும்பெல்லாம் சில்லென்று இருந்தது. அந்தக் குமிழ் மட்டும்...

சூடு.

என் விரலோடு சேர்த்து மேலே தள்ளியது.

கத்தினேன்.

அதே நேரம் மசூதியில் பாங்கு ஒலித்தது. கதவு திறந்தது. தாதாங். கையில் இனிப்புப் பொட்டலம். சட்டையெல்லாம் வியர்வை.

“எங்க போனீங்க?”

“கடைக்கு. கால் மணி நேரமா வரிசையில நிக்கிறேன். ஏன் இப்படி வெளிறிப் போயிருக்க?”

“டேப்லெட்டு?”

தோள்பையிலிருந்து எடுத்துக் காட்டினார். திரை கறுப்பாக இருந்தது. “நான் கெளம்புறப்பவே சார்ஜ் போயிடுச்சே.”

அவர் பெட்டியைப் பார்த்தார். மூன்றாவது அடியில். நான்காவது உச்சியில்.

“லிலிஸ் என்ன மிட்டாய் சாப்பிடுவா?” என்று கேட்டேன்.

“இஞ்சி. பாடுறதுக்கு முன்னாடி. ஏன்?”

ஹெட்போனைக் கழற்றி வைத்தேன்.

மறுநாள் என் குரலை மட்டும் தனியாக விட்டுக் கேட்டோம். மூன்றாவதின் வயரையே பிடுங்கியிருந்தோம். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் இரண்டு மூச்சு. ஒன்று என்னுடையது. போன வாரம் இதையேதான் இருவரும் கேட்டோம். அப்போது ஒரு மூச்சுதான் இருந்தது.

அவள் தன் குரலைக் குறைத்துக்கொண்டாள் என்றுதான் அன்று மகிழ்ந்தேன். இடம் மாறி உட்கார்ந்திருக்கிறாள்.

இப்போதெல்லாம் நான் பாடினால் தாதாங் கண்ணை மூடிக்கொள்கிறார்.

யாரைக் கேட்கிறார் என்று... நான் கேட்டதில்லை.