ஒரு எழுத்து மாறாத இரண்டு பக்கங்கள்

சென்ற ஆண்டு ஜூன் மாதம், ஒரு சனிக்கிழமை. காலை பத்து இருபதுக்கு, மார்த்தாண்டத்தில் ஒரு மாடி வகுப்பறையில் என் கட்டுரையைத் திருப்பிக் கொடுத்தார்கள். மதிப்பெண் இல்லை. ‘இது உங்கள் எழுத்து அல்ல’ என்று மட்டும் இருந்தது.

எனக்கு நாற்பத்தாறு வயது. பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, கல்யாணமாகிக் குலசேகரம் வந்தவள். மகள் கல்லூரிக்குப் போகும் வயது நெருங்க நெருங்க, அவள் பேசுவது எனக்குப் புரியாமல் போய்விடுமோ என்று பயம் பிடித்துக்கொண்டது. அதனால்தான், என்னைப் போன்றவர்களைப் பல்கலைக்கழகப் படிப்புக்குத் தயார்செய்யும் ஆறு மாத வகுப்பில் சேர்ந்தேன். கடைசிக் கட்டுரையில் தேறினால்தான் பட்டப்படிப்பு.

ஆசிரியை சின்ன வயதுக்காரர். போனைப் பார்த்து எழுதினீர்களா என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். எழுந்து நின்று, பாடப்புத்தகத்திலிருந்து மனப்பாடமாக எழுதிய அந்த இரண்டு பக்கங்களையும் முதலிலிருந்து கடைசிவரை ஒப்பித்தேன். சின்ன வயதில் சர்ச் ஓய்வுநாள் பள்ளியில் பைபிள் வசனப் போட்டிக்கு நின்றதுபோலவே நின்றேன். ஒரு எழுத்து மாறாமல் சொல்வதுதான் படிப்பு என்று இருந்துவிட்டேன். மகளையும் அப்படியே ஒப்பிக்க வைத்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

ஆசிரியை மன்னிப்புக் கேட்டார். ஆனாலும் கட்டுரையை ஏற்கவில்லை. புத்தகம் சொன்னது இருக்கிறது, நீங்கள் நினைப்பது எங்கே என்றார். வேறு தலைப்பு தந்தார்: உங்கள் ஊரில் மாறிய ஒன்று, அது ஏன் மாறியது? இரண்டு மணிக்கு எழுத வேண்டும். வெளியிலிருந்து மதிப்பீட்டாளர் வந்து முடிவு சொல்வார்.

எந்தப் புத்தகத்திலும் பதில் இல்லாத கேள்வி. மகளுக்குப் போன் செய்து, இது எனக்கு ஆகாது, வீட்டுக்கு வருகிறேன் என்றேன்.

“எம்மா, ரப்பர் பால் வெட்ட ஆளு கிட்டலன்னு டெய்லி அப்பாகிட்ட சண்டை போடுதியள்லா? அத எழுதுங்க. அங்க இருந்து அழுது மானத்த வாங்காதீங்க.”

எழுதினேன். மழை முன்போலக் காலம் பார்த்துப் பெய்வதில்லை. நனைந்த மரத்தில் பால் வெட்ட முடியாமல் வேலை பாதி நாள் கெட்டுப்போவதால் வெட்டுகிறவர்கள் கட்டட வேலைக்குப் போய்விட்டார்கள் என்று. ஒவ்வொரு வரிக்கும் ஏன், ஏன் என்று என்னையே கேட்டு, அடித்து அடித்துத் தாளே அசிங்கமாகிவிட்டது.

மேம்பாலத்தடி நெரிசலில் சிக்கி, ஐந்து மணிக்குத்தான் மதிப்பீட்டாளர் வந்தார். என் வயதுதான் அவருக்கும் இருக்கும். ஹெல்மெட்டை மேசையில் வைத்துவிட்டு நின்றபடியே படித்தார். ஒரு இடத்தில் திரும்பப் படித்தார்.

“மழைதான் காரணம்னு நீங்க எழுதினது எனக்குச் சம்மதம் இல்ல, கேட்டியளா. எங்க தோட்டத்துல மழை நனையாம மரத்துக்கு பிளாஸ்டிக் கட்டியும் ஆளு வரல. நீங்க பாஸ்தான். சேர்ந்துட்டு வாங்க, தர்க்கிச்சுப் பாப்போம்.”

ஒப்பித்த காலமெல்லாம் என்னை யாரும் மறுத்துப் பேசியதில்லை. மறுத்துப் பேசும்படி நானாக ஒன்று சொன்னது அன்றுதான் என்று நினைக்கும்போது, அன்றைய பயம் முழுதாக விடாத இன்றும் ஒரு தைரியம் வருகிறது.