பிரேக் அக்காவின் விடுமுறை

படகு துறையை நெருங்கும்போதெல்லாம் பிரேக் அக்காவின் வலது கால் மணலை அழுத்துகிறது. சாய்வு நாற்காலியில் கிடக்கிறார். தொப்பி புருவம்வரை இறங்கியிருக்கிறது, மடியில் பாதி உரித்த ஆரஞ்சு. படகு தூணில் இடிக்காமல் நின்ற பிறகுதான் கால் தளர்கிறது. கரையிலிருந்து தனக்கு இப்படியொரு ஒத்தாசை கிடைப்பது படகோட்டிக்குத் தெரியாது. நாற்காலிக்கு முன்னால் குதிகால் அளவுக்கு ஒரு குழி விழுந்திருக்கிறது. மாலையில் அலை வந்து அதை மூடிவிட்டுப் போகும். மறுநாள் அக்கா மறுபடி தோண்டிவிடுவார்.

அக்காவின் தொழில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது. பயிற்சிப் பள்ளியின் காரில், கற்றுக்கொடுப்பவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும். ஓட்டுகிறவர் கோட்டைவிட்டால் இவர் மிதிக்க வேண்டும். பாதி ஆயுள் அந்த இருக்கையிலேயே கழிந்துவிட்டதால் கால் இப்போது அக்காவின் பேச்சைக் கேட்பதில்லை. பேருந்தில் மிதிக்கும், லிஃப்டில் மிதிக்கும், தம்பி மகள் சைக்கிளில் வேகமாக வந்தால் வாசலில் நின்றபடியே மிதிக்கும். ஊரில் பாதிப் பெண்கள் அவரிடம் படித்தவர்கள். இந்தப் பெயரை வைத்ததும் அவர்கள்தான். "கண்ணாடி எதுக்கு வெச்சிருக்கு, தலை வாரவா? பின்னாடி பாருங்க!" என்பதும், "வண்டியக் கெஞ்சாதீங்க, சொல்லுங்க, கேக்கும்" என்பதும் அவருடைய பாடத்திட்டம். கோபம் வந்தால் குரல் உயராது, மரியாதைதான் உயரும். "அம்மா, தாயே, தயவுசெஞ்சு க்ளட்ச்சுல காலை வைக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டால் அன்றைக்கு அந்த மாணவி தொலைந்தாள்.

ஐம்பதைத் தாண்டிய பிறகு, முதல்முறையாகத் தனியாகக் கிளம்பி வந்திருக்கிறார். ஒரே வீட்டில் இருக்கும் தம்பி குடும்பத்தோடு போவதாகத்தான் பேச்சு. கடைசி நேரத்தில் தம்பிக்கு விடுப்பு கிடைக்கவில்லை. "நீயும் விட்டுடேன்க்கா, அடுத்த வருஷம் எல்லாரும் சேர்ந்து போலாம்" என்றான். அக்கா அதற்குள் பெட்டியைப் பூட்டிவிட்டிருந்தார். பூட்டிய பெட்டியை யார் திறந்துகொண்டிருப்பது என்று சொல்லிவிட்டு ரயிலேறிவிட்டார். ஒரு மலையூர், ஒரு பெரிய நகரம், அங்கே அருங்காட்சியகத்தில் முட்டி வலிக்க வலிக்க நடை, ஒரு பழைய தோழியின் வீடு, எல்லாம் முடிந்து கடைசியாக இந்தத் தீவு. இங்கே பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை என்று விடுதிக்காரம்மா முதல் நாளே ஒப்புக்கொண்டார். அக்காவுக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று.

அறை சின்னதுதான். ஒரு கட்டில், கடலைப் பார்த்த ஜன்னல், சரியாக மூடாத அலமாரி. காலையில் எழுப்ப ஆளில்லை. வெயில் கட்டில் காலைத் தொடும்வரை புரண்டுகொண்டிருக்கிறார். தேநீரைச் சூடு ஆறுவதற்குள் குடிக்கிறார். வீட்டில் அப்படிக் குடித்து எத்தனை காலமாயிற்று! துவைத்த துணியைக் கொடியில் போட்டுவிட்டு, அது காய்வதை ஒரு வேலையாக உட்கார்ந்து பார்க்கிறார். பசித்தால் சாப்பிடுகிறார், பசிக்காவிட்டால் யாரும் "ஏன் சாப்பிடல" என்று கேட்பதில்லை.

"தனியா இருக்கிறது இவ்வளவு நல்லா இருக்கும்னு யாரும் எங்கிட்ட சொல்லவே இல்லையேம்மா" என்று விடுதிக்காரம்மாவிடம் குறைப்பட்டுக்கொண்டார், தனக்குப் பங்கு சேரவேண்டிய சொத்தை யாரோ மறைத்துவிட்ட மாதிரி.

விடுதிக்காரம்மாவுக்குக் கணவர், மாமியார், மூன்று பிள்ளைகள். "சொன்னா எல்லாரும் கிளம்பிடுவாங்கல்ல" என்றார் அவர், போர்வையை உதறிக்கொண்டே.

தம்பி மனைவி தினமும் போன் செய்கிறாள். "நீங்க இல்லாம வீடு வீடாவே இல்ல அண்ணி" என்பாள். அதே மூச்சில், "அந்தப் பெரிய கத்தரிக்கோலை எங்க வெச்சீங்க?" என்பாள். இரண்டும் உண்மை. அக்கா இரண்டுக்கும் பதில் சொல்லிவிட்டு போனைத் தலையணைக்கு அடியில் தள்ளிவிடுகிறார்.

ஆனால் வேறொரு பதில் பாக்கி இருக்கிறது. அதைச் சொல்லாமல் இந்தப் பயணம் முடியாது. கேள்வியைக் கேட்டவர், அக்கா வீட்டுத் தெருமுனையில் மருந்துக்கடை வைத்திருப்பவர்.

மருந்துக்கடைக்காரர் கல்யாணமான நாளிலிருந்து மனைவி கார் ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்லியே காலம் தள்ளியவர். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு அந்த வெள்ளைக் கார் உறை போட்டபடி வாசலில் நின்றது. அதைத் தாண்டித் தாண்டிக் கடைக்குப் போய்வந்தவர், ஒருநாள் பயிற்சிப் பள்ளி வாசலில் வந்து நின்றார். அக்காவின் அனுபவத்தில் இப்படியொரு மக்கு மாணவர் வாய்த்ததில்லை. முன்னால் போவது எப்படியோ வந்துவிட்டது. ரிவர்ஸுக்கும் அவருக்கும்தான் ஏழாம் பொருத்தம். திரும்பத் திரும்பத் தேர்வில் தோற்று ஒருவழியாக உரிமம் வாங்கினார். வாங்கிய பிறகும், "ரிவர்ஸ் மட்டும் இன்னொரு கிளாஸ்" என்று வந்துகொண்டே இருந்தார். அக்காவும் சலித்துக்கொண்டே போய்க்கொண்டே இருந்தார்.

பயணத்துக்கு முந்தின நாள் அப்படியொரு வகுப்பு. கார் நிறுத்துமிடத்தில் இரண்டு வண்டிகளுக்கு நடுவே குறுக்காக மாட்டிக்கொண்டு நிற்கையில், ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்தபடி, நேராகப் பார்த்துக்கொண்டே அவர் கேட்டார். "எனக்கு இது என்னைக்கும் வராதுங்க. காலம் பூரா பக்கத்துல உக்காந்து சொல்லித் தர்றீங்களா?"

அக்காவுக்கு விஷயம் மண்டையில் ஏறக் கொஞ்ச நேரம் ஆயிற்று. ஏறியதும், "மொதல்ல வண்டிய நேரா நிறுத்துங்க. ஊருக்குப் போயிட்டு வந்து சொல்றேன்" என்றார். தன் கன்னம் சுட்டது அக்காவுக்கு மட்டும்தான் தெரியும்.

மலையில் யோசிக்கலாம் என்று நினைத்தார். குளிர் யோசிக்க விடவில்லை. ரயிலில் யோசிக்கலாம் என்று நினைத்தார். எதிர் இருக்கைக்காரர் தன் மூட்டுவலியின் வரலாற்றைச் சொல்லிக்கொண்டே வந்தார். சரி, தீவில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டார். தீவுக்குப் பிறகு தள்ளிப்போட ஊர் இல்லை. நாளைக்குப் படகு.

ஆள் நல்லவர், அதில் சந்தேகம் இல்லை. "இந்த வயசுல அக்காவுக்கு என்ன வந்துச்சு" என்று தம்பி சிரிப்பான், சிரித்துவிட்டுப் போகட்டும். அக்காவின் பயம் வேறு. இப்போதுதான் ருசி கண்ட இந்தத் தனிமையை வாங்கிய கையோடு திருப்பிக் கொடுத்துவிடுவதா? மறுபடியும் ஒருவருடைய தேநீர், ஒருவருடைய சட்டைப் பொத்தான், ஒருவருடைய இருமல். இரண்டு நாளாகக் கடலைப் பார்த்தபடி இதைத்தான் உருட்டிக்கொண்டிருந்தார். 'வேண்டாம்' என்று சொல்ல முக்கால்வாசி மனம் வந்துவிட்டது. அதை நோகாமல் எப்படிச் சொல்வது என்பதுதான் மிச்சம்.

கடைசி நாள் மதியம், விடுதிக்காரம்மாவின் கணவர் வாடகைக்கு விடும் சின்ன காரை எடுத்துக்கொண்டு தீவை ஒரு சுற்று வரலாம் என்று அக்கா கிளம்பினார். சாவியை வாங்கினார். டயரை உதைத்துப் பார்த்தார். கதவைத் திறந்து உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, முதுகை நிமிர்த்தி, "ம், ஸ்டார்ட் பண்ணுங்க" என்றார்.

யாரும் ஸ்டார்ட் பண்ணவில்லை. ஓட்டுநர் இருக்கையில் ஆளே இல்லை. விடுதிக்காரம்மாவின் கணவர் ஜன்னலருகே குனிந்தார்.

"யாராவது வரணுங்களா?"

"இல்லையே."

"சாவி உங்க கையிலதான் இருக்கு."

"தெரியுது."

"இல்ல, நீங்க... இந்தப் பக்கம் உக்காந்திருக்கீங்க."

அக்கா தன் பக்கத்தையும் பார்த்தார், அந்தப் பக்கத்தையும் பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்த மனிதரும் எதற்கென்று தெரியாமல் கூடச் சிரித்துவைத்தார்.

இடம் மாறி உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது: பயிற்சிப் பள்ளி வண்டியைக் கொட்டகைக்குள் விடுவதைத் தவிர, தனக்காக என்று ஸ்டியரிங்கைத் தொட்டு வருடக்கணக்காகிறது. தீவைச் சுற்றி ஒரே ஒரு சாலை. பிடித்த இடத்தில் நின்றார். பிடிக்காத இடத்திலும் நின்றார், நிற்கக் கூடாதென்று யார் சொல்லப்போகிறார்கள்? கண்ணாடியை இறக்கிவிட்டு, ராகம் தெரியாத எதையோ முனகினார். தனிமைக்கு இன்னும் ஒரு ஓட்டு விழுந்தது என்றே தோன்றியது.

பாறைக்கும் கடலுக்கும் நடுவில் சாலை குறுகுகிற இடத்தில், மீன்பெட்டிகளை அடுக்கிய ஒரு லாரி எதிரே வந்தது. அது பின்வாங்க வழியில்லை. அக்காதான் எடுக்க வேண்டும், வந்த வழியே, இரண்டு வளைவு தாண்டி. ஒரு பக்கம் பாறை உரசும், இன்னொரு பக்கம் தண்ணீர். அக்கா கண்ணாடியைப் பார்த்தார், தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்தார், எடுத்தார். ஒரே மூச்சில், எங்கும் நிற்காமல், நூல் பிடித்தாற்போல் கொண்டுவந்து அகலமான இடத்தில் ஒதுக்கினார். லாரிக்காரர் போகிறபோக்கில் கையைத் தூக்கி ஒரு கும்பிடு போட்டார்.

அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்தில் திரும்பி, "பாத்தீங்களா? இவ்வளவுதான் ரிவர்ஸ்! இதுக்குப் போயி..." என்றார்.

பக்கத்தில் தொப்பி மட்டும் இருந்தது.

இன்ஜினை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். யாரிடம் பேசினார் என்பதில் அவருக்குக் குழப்பமே இல்லை. கற்றுக்கொடுத்த அத்தனை பேரில் வேறு யாரையும் அந்த இருக்கையில் தேடவில்லை. அந்த மக்கைத்தான் தேடினார். இத்தனை நாள் தனியாக இருந்ததில் ஒரு குறையும் இல்லை, அது சத்தியம். ஆனாலும் இதை அவர் பார்த்திருக்க வேண்டும் என்று இருந்தது. பார்க்கவில்லையே என்று அழுகை வருகிற அளவுக்கு இருந்தது.

அங்கிருந்தே போன் போட்டார்.

"நாளைக்குப் படகு. மத்தியானம் கரைக்கு வந்துடுவேன். கூட்டிட்டுப் போக வர்றீங்களா? நீங்களே ஓட்டிக்கிட்டு."

அந்தப் பக்கம் மாத்திரை அட்டைகள் சரிந்து விழும் சத்தம் கேட்டது. பிறகு, "பெரிய ரோட்டுலயா... தனியாவா?"

"தனியாத்தான். நான் தனியா ஊரெல்லாம் சுத்திட்டு வர்றேன், உங்களுக்கு என்ன?"

"வர்றேங்க."

"இத வெச்சு நீங்களா ஒண்ணும் முடிவு பண்ணிக்காதீங்க. ஆனா ஒண்ணு முன்கூட்டியே சொல்லிடறேன். வருஷத்துக்கு ஒருதடவை நான் தனியா எங்கயாவது போவேன். எங்க, எதுக்கு, எப்போன்னு யாரும் கேக்கக் கூடாது."

மருத்துவரின் கையெழுத்தைப் படிக்கும்போது எடுத்துக்கொள்ளும் நேரத்தை அவர் இதற்கும் எடுத்துக்கொண்டார். "எங்க, எதுக்குன்னு கேக்கல. எப்போ திரும்பி வர்றீங்கன்னு மட்டும் கேட்டுக்கலாமா? கூட்டிட்டு வர நான் வரணுமே."

அக்கா போனை வைத்துவிட்டார். வைத்த பிறகும் கையிலேயே வைத்திருந்தார்.

மறுநாள் படகை விட்டு இறங்கியபோது, கரையில் எல்லாக் கார்களும் வரிசையாகச் சுவரைப் பார்த்து நின்றன. வெள்ளைக் கார் மட்டும் ஒதுங்கி, மூக்கை வாசல் பக்கம் வைத்துக்கொண்டு நின்றது. பின்னால் எடுக்க வேண்டிய அவசியமே இல்லாத ஒரே இடம் அதுதான். மருந்துக்கடைக்காரர் இறங்கி ஓடிவந்து பெட்டியை வாங்கினார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"விடியறதுக்கு முன்னாடியே வந்துட்டேன். இந்த இடம் போயிடுமோன்னு பயம்" என்றார். அப்புறம் சாவியை நீட்டினார். "இனிமே நீங்க ஓட்டறீங்களா?"

அக்கா சாவியை வாங்கவில்லை. சுற்றிப் போய், ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையின் கதவைத் திறந்து உட்கார்ந்தார். கியர் கரகரவென்று கத்தியது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. இண்டிகேட்டர் தேவையில்லாமல் துடித்துக்கொண்டிருந்தது, அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. கார் ஒருமுறை குலுங்கிவிட்டுப் பெரிய சாலையில் ஏறியது.

"நான் கேட்டதுக்கு... எப்போ சொல்வீங்க?" என்றார் மருந்துக்கடைக்காரர், கற்றுக்கொடுத்தபடியே கண்ணைச் சாலையிலிருந்து எடுக்காமல்.

அக்கா கீழே கைவிட்டு இருக்கையைப் பின்னுக்குச் சாய்த்தார். சேலைத் தலைப்பை இழுத்துத் தோளைப் போர்த்திக்கொண்டு, கதவுப் பக்கம் ஒருக்களித்துக் கண்ணை மூடினார். எதிரே ஒரு பேருந்து ஹாரனை அலறவிட்டபடி வந்தது. அவர் கண்ணைத் திறக்கவில்லை, வலது காலும் அசையவில்லை.