சோபா வெளியே வந்த காலை

தான் செத்துப்போன செய்தி கேதரினுக்குத்தான் கடைசியாகத் தெரிந்தது.

சனிக்கிழமை காலை. மலேசியாவின் லூனாஸில் வரிசை வீடுகள் நெருக்கியடித்து நிற்கும் ஒரு தாமான் குடியிருப்பு. வீட்டு ஹாலில் கிடந்த நீள சோபாவை இந்தப் பக்கம் தூக்கியும் அந்தப் பக்கம் தள்ளியும் நிலைவாசலைத் தாண்ட வைத்து, கார் நிறுத்தும் போர்ச்சில் கொண்டுவந்து போட்டாள் கேதரின். அடுத்து ஒற்றைச் சோபாக்கள். அதற்கடுத்து கண்ணாடி மேசை. சோபாவுக்கு அடியில் சேர்ந்திருந்த தூசி மேகமாகக் கிளம்பியது. கதவு, ஜன்னல், இரும்பு கிரில் எல்லாவற்றையும் விரியத் திறந்துவைத்துவிட்டுக் குளிக்கப் போனாள்.

தப்பு அங்கேதான் நடந்தது. அந்தத் தாமானில் ஹால்கள் சின்னவை. ஒரு வீட்டில் சாவு விழுந்து, சவப்பெட்டியை நடுவில் வைக்க வேண்டுமென்றால், முதல் வேலையாகச் சோபா வெளியே வரும். அதனால் காலை வேளையில் ஒரு வீட்டுச் சோபா போர்ச்சில் நின்று, கதவும் திறந்து கிடந்தால், யாரும் யாரிடமும் விசாரிப்பதில்லை. துக்கத்துக்குப் போட வெள்ளைச் சட்டையைத் தேடப் போய்விடுவார்கள்.

எதிர்வீட்டு லோகேஸ்வரியும் விசாரிக்கவில்லை. துணி காயப்போட வந்தவள் சோபாவைப் பார்த்தாள். "கேதரின்க்கா!" என்று கூப்பிட்டுப் பார்த்தாள். குளியலறைத் தண்ணீர்ச் சத்தத்தில் உள்ளே இருந்தவளுக்குக் கேட்கவில்லை. கணவர் எர்னஸ்ட் போனதிலிருந்து அந்த வீட்டில் கேதரின் ஒருத்திதான். அப்படியானால் போனது யார் என்பதில் என்ன சந்தேகம்? லோகேஸ்வரி போனை எடுத்தாள். செத்தவளே சோபாவைத் தூக்கி வெளியே போட்டாளா என்று கேட்க அந்தத் தெருவில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

தலையைத் துவட்டிக்கொண்டு கேதரின் ஹாலுக்கு வந்தபோது வாசலில் கூட்டம் நின்றது. தேவாலயத்து அன்பிய ஜெபக்குழுப் பெண்கள் கையில் ஜெபமாலையோடு. பக்கத்து வீட்டுக்காரர் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டு. யாரோ கொண்டுவந்த பெரிய பிஸ்கட் டின் ஒன்று, சீனி, கொப்பித் தூள். லோகேஸ்வரி தூணைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"என்ன லோகேஸ்? யாருக்கு என்ன ஆச்சு?"

லோகேஸ்வரி நிமிர்ந்தாள். அடுத்த நொடி அவள் போட்ட சத்தத்தில் நாற்காலி அடுக்கியவர் கையில் இருந்ததைக் கீழே போட்டார்.

"அக்கா! நீங்க சாவலையா?"

"குளிக்கத்தான்லா போனேன்."

"அப்ப சோபா ஏன் வெளிய வந்துச்சு?"

"குடுத்துட்டேன். சாப்பாட்டுக்கடை பாய் லோரி கொண்டாறாரு."

அழுகை நின்று முணுமுணுப்பு ஆரம்பமானது. ஒரு பெண் கேதரினின் காதருகே வந்து, "ஏன்க்கா, ஏதாச்சும் பிரச்சினையா? எங்ககிட்டச் சொல்லக் கூடாதா?" என்றாள்.

"இருந்துச்சு. இப்ப லோரியில ஏறப் போவுது" என்றாள் கேதரின்.

அந்தப் பிரச்சினைக்கு வயது அதிகம். குலிம் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றை வீடுகள் கட்டுவதற்காக மூடியபோது, எர்னஸ்டின் குடும்பமும் கேதரினின் குடும்பமும் ஒரே நாளில் வெளியேறின. மற்றவர்கள் லோரியில் கட்டிலும் பீரோவும் ஏற்ற, எர்னஸ்ட் வீட்டு லோரி பாதி காலியாகவே புறப்பட்டது. "இவங்களுக்கு எதுக்கு லோரி? சைக்கிள் பத்தாதா?" என்று யாரோ கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். எர்னஸ்ட் அந்தச் சிரிப்பை மறக்கவே இல்லை. கல்யாணமாகி இந்த வீட்டை வாங்கியதும் சாமான் சேர்க்க ஆரம்பித்தார். பள்ளிப் பேருந்து ஓட்டிய மனிதர் ஓய்வு நாளெல்லாம் தட்டுமுட்டுச் சாமான் கடைகளில் கழித்தார். முதலில் சுவரை மறைக்கும் கண்ணாடி அலமாரி. அதில் யாரும் சாப்பிடாத பீங்கான் தட்டுகள், யாரும் குடிக்காத கோப்பைகள். பிறகு இரண்டாவது சாப்பாட்டு மேசை. பழைய டிவி பழுதானாலும் புது டிவிக்குப் பக்கத்திலேயே நின்றது.

சாமான் சேர்ந்தால் பயமும் சேரும். தாமானில் ஓரிரு வீடுகளில் திருட்டுப் போனதும் கிரில் வந்தது, கிரிலுக்குப் பூட்டு, பூட்டுக்கு மேல் சங்கிலி. அதற்கப்புறமும் எர்னஸ்டுக்கு மனம் ஆறவில்லை. வீட்டில் எப்போதும் ஒரு ஆள் இருக்க வேண்டும் என்றார். அந்த ஆள் யார் என்று அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஜூலை மாதம் புக்கிட் மெர்தாஜாமில் புனித அன்னம்மாள் திருவிழா. எங்கெங்கிருந்தோ ஜனம் வந்து குவியும். லூனாஸிலிருந்து அது கூப்பிடு தூரம். மெழுகுவர்த்திப் பவனி பார்த்து, குன்றில் ஏறி, இரவு அங்கேயே தங்கி வருவதற்கு எர்னஸ்டும் பிள்ளைகள் டேரிலும் கேரனும் வருடா வருடம் கிளம்புவார்கள். கேதரின் அவர்களுக்குச் சோறு கட்டிக் கொடுத்துவிட்டுச் சங்கிலியை மாட்டிக்கொண்டு உள்ளே உட்காருவாள்.

அவள் நிம்மதியாக இருந்த இடம், எர்னஸ்ட் வீட்டில் இருக்கும் இரவுகளில் வேலை செய்த தொழிற்சாலைதான். குலிமில் கணினிச் சில்லு செய்யும் கூடம். தூசி ஒரு துளி உள்ளே போகக் கூடாது என்பதால் மோதிரம், வளையல், கடிகாரம், கைப்பை, பவுடர்ப் பூச்சு என்று எல்லாவற்றையும் வெளியே விட்டுவிட வேண்டும். தலை முதல் கால் வரை வெள்ளை அங்கி. கண் மட்டும் தெரியும். மற்றப் பெண்கள் அலுத்துக்கொள்வார்கள். கேதரினுக்கு அந்தக் கதவு மூடியதும் தோள் இறங்கும். காவல் காக்க ஒன்றுமில்லாத மணிநேரங்கள் அவை. "இவ மட்டும்தான் வேலைக்கு ஓய்வெடுக்க வர்றா" என்று பக்கத்தில் நின்று வேலை பார்த்த குணவதி கேலி செய்வாள்.

எர்னஸ்ட் இறந்தபிறகு வீட்டில் சாமான் குறையவில்லை, கூடியது. பினாங்கில் வேலை பார்த்த டேரில் தன் நடைப்பயிற்சி இயந்திரத்தைக் கொண்டுவந்து போட்டான். கேரனின் கல்யாணப் பரிசுகள் பிரிக்காமலேயே மேல்மாடி அறையை அடைத்தன. "அங்க வச்சுக்கங்க மா, அப்புறம் எடுத்துக்கிறோம்."

போன மாதம் குணவதி பெண்டாங்கிலிருந்து போன் செய்தாள். வேலையை விட்டபிறகு அவள் அங்கே மகளோடு இருந்தாள். "அடுத்த மாசத் திருவிழாவுக்கு அன்னம்மாள் கோயிலுக்குப் போறேன். நான் இந்துச் சாமி கும்பிடுறவதான், ஆனா அந்தம்மா கிட்ட எனக்கு ஒரு வேண்டுதல் இருக்கு. நீயும் வா. ராத்திரி தங்குவோம்."

"வீட்ட யாரு பாத்துக்குவா?" என்று கேதரினின் வாய் தானாகச் சொன்னது.

"வீடு என்ன கைப்புள்ளையா?"

போனை வைத்தபிறகு கேதரின் ஹாலைச் சுற்றிப் பார்த்தாள். இதில் எதுவும் அவள் ஆசைப்பட்டு வாங்கியது இல்லை. அன்றே பிள்ளைகளுக்கு வாட்ஸாப்பில் எழுதினாள்: உங்க சாமானை எடுத்துக்கிட்டுப் போங்க, இல்லன்னா குடுத்துடுவேன். கேரன் சிரிக்கும் முகம் ஒன்றை அனுப்பினாள். டேரில் கட்டைவிரலை அனுப்பினான். கேதரின் நேராகச் சாப்பாட்டுக்கடை ஜக்கரியா பாயிடம் போனாள். அவருடைய வேலையாட்கள் தங்கும் வீட்டில் உட்கார ஒரு நாற்காலிகூட இல்லை என்பது அவளுக்குத் தெரியும்.

ஜக்கரியாவின் லோரி தெருவுக்குள் நுழைந்த அதே நேரத்தில் டேரிலின் காரும் வந்து நின்றது. அவனுக்கும் லோகேஸ்வரி போன் செய்திருந்தாள், பினாங்குப் பாலம் தாண்டும்வரை அவன் அழுதுகொண்டே ஓட்டியிருந்தான். அம்மா போர்ச்சில் நின்று மேசையின் ஒரு முனையைப் பிடித்திருப்பதைப் பார்த்ததும் ஓடிவந்து கட்டிக்கொண்டான். அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். அவன் கண்ணைத் துடைத்தான். பிறகு லோரியைப் பார்த்தான்.

"இது என்ன மா?"

"சொன்னேனே. குடுக்கிறேன்னு."

"நாங்க ஜோக்குன்னு நெனச்சோம்! பாய், நிறுத்துங்க. அம்மாவுக்கு மனசு சரியில்ல."

ஜக்கரியா சோபாவை ஒரு பக்கம் தூக்கிய நிலையிலேயே நின்றார். "அக்கா, வைக்கவா, ஏத்தவா?"

"ஏத்துங்க பாய். எனக்கு மனசு இப்பத்தான் சரியா இருக்கு."

துக்கத்துக்கு வந்த கூட்டம் கலையவே இல்லை. சாவு வீட்டைவிட இது அவர்களுக்குச் சுவாரசியமாக இருந்தது.

"ஆளுங்க என்னா பேசுவாங்க?" டேரில் குரலைத் தாழ்த்தினான். "புள்ளைங்க கவனிக்கல, அம்மா சாமானை வித்துத் திங்கிறாங்கன்னு பேச மாட்டாங்களா?"

"இந்தா நிக்கிறாங்க, கேளு." கேதரின் குரலைத் தாழ்த்தவில்லை. "யாருக்கு என்ன பேசணுமோ பேசுங்க. பேசி முடிச்சிட்டு, மேல பிரிக்காத பெட்டிங்க இருக்கு, ஆளுக்கொண்ணு எடுத்துக்கங்க. கேரனுக்குச் சொல்லியாச்சு."

முதலில் லோகேஸ்வரி கண்ணீர் காயாத முகத்தோடு மாடிப்படி ஏறினாள். மற்றவர்கள் பின்னால் போனார்கள். அழ வந்த பெண்கள் ரொட்டி சுடும் இயந்திரமும் இஸ்திரிப் பெட்டியுமாக இறங்கி வந்தார்கள்.

டேரிலால் அதையெல்லாம் தாங்க முடிந்தது. ஜக்கரியாவின் ஆட்கள் கண்ணாடி அலமாரியைத் தூக்கிப் போர்ச்சுக்குக் கொண்டுவந்ததும் குறுக்கே போய்க் கைகளை விரித்து நின்றுவிட்டான்.

"இது போகாது. இது அப்பா."

"அப்பா என் ரூம்ல சுவத்துல இருக்காரு. இது பலகை."

"மா, அவரு எவ்வளவு ஆசையா வாங்கினாரு!"

"ஆசையாத்தான் வாங்கினாரு. தொடச்சது யாரு?" கேதரின் அவனுக்கு எதிரே வந்து நின்றாள். "நீங்க எல்லாரும் மெழுகுவத்தி புடிச்சுக்கிட்டு மலை ஏறினப்ப இதுக்கு முன்னாடி உக்காந்திருந்தது யாரு? உனக்கு வேணும்னா நல்லா எடுத்துக்க. காருல கட்டு. உன் வீட்டுக்குக் கொண்டு போ."

"என் அப்பார்ட்மெண்ட்ல எங்கமா எடம்?"

"உன் வீட்டுல எடமில்ல. என் வீட்டுல மட்டும் இருக்கா?"

டேரில் விரித்த கையை இறக்கவில்லை.

"அது நிக்கட்டும் பாய்," என்றாள் கேதரின். "தம்பி எடுத்துக்குவான். ஆனா உள்ள திரும்ப வராது."

லோரி போய்விட்டது. கூட்டமும் மெல்லக் கரைந்தது. ஹாலில் ஒரு கோரைப்பாயும் மின்விசிறியும் ஒரு மூங்கில் நாற்காலியும் இருந்தன. பேசினால் குரல் சுவரில் பட்டுத் திரும்பியது. இந்த வீட்டுக்கு இப்படி ஒரு குரல் இருந்ததே கேதரினுக்குத் தெரியாது. அவள் இரண்டொரு துணியைத் தோள்பையில் திணித்தாள். கிரில் சங்கிலியை எடுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டாள்.

குணவதியின் கார் வாசலில் ஹாரன் அடித்தது.

"மா, எங்க போறீங்க?"

"அன்னம்மாள் கோயிலுக்கு. ராத்திரி வர மாட்டேன்."

டேரில் அலமாரியைப் பார்த்தான், திறந்த கேட்டைப் பார்த்தான், தன் சின்னக் காரைப் பார்த்தான். "இதை இப்படியே வெளிய விட்டுட்டு நான் எப்படிமா போறது? யாராச்சும் தூக்கிட்டுப் போயிட்டா?"

"அப்ப இங்கயே இரு. பாத்துக்க."

"எவ்வளவு நேரம்?"

கேதரின் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"எனக்கும் அதை யாரும் சொல்லல தம்பி."

போர்ச் ஓரத்தில் யாரும் திரும்பக் கேட்காமல் விட்டுப்போன பிஸ்கட் டின் இருந்தது. அதை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு காரில் ஏறினாள். முச்சந்தி திரும்பும்போது கண்ணாடியில் பார்த்தாள். டேரில் அலமாரிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வீட்டப் பூட்டினியா?" என்று கேட்டாள் குணவதி.

"இல்ல."

கேதரின் மூடியை நகத்தால் நெம்பித் திறந்தாள். ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டு டின்னைக் குணவதி பக்கம் நீட்டினாள்.

"என் சாவுக்கு வந்தது. எடுத்துக்க, நல்லாத்தான் இருக்கு."