மனைவிக்குப் பிடிக்காத மணி

வார நாட்களில் அவர் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். சனிக்கிழமை மாலைகளில் நடனக் கூடத்தில் லத்தீன் இசைக்குழுவின் மணிக்காரர். அங்கே சத்தம் வந்தால் குற்றம், இங்கே வராவிட்டால் குற்றம்.

மணி என்றால் நாக்கில்லாத இரும்பு மணி. இடக்கையில் பிடித்துக் கட்டைக் குச்சியால் தட்ட வேண்டும். பாட்டு சூடு பிடித்ததும் ஆடுகிறவர்களின் கால்கள் அதைத்தான் நம்பும். நம்ப வேண்டுமானால் முதலில் கேட்க வேண்டும்.

குழுவுக்குத் தலைவன் அவருடைய மச்சினன். ட்ரம்பெட் ஊதுகிறவன், ஒளிவுமறைவு தெரியாதவன்.

"மாமா, அடிச்சீங்களா, இல்ல சும்மா கையை ஆட்டிட்டு இருந்தீங்களா?"

"அடிச்சேன்டா."

"வர்ற சனிக்கிழமையும் கேக்கலன்னா கீபோர்டுல அதுக்கு ஒரு பட்டன் இருக்கு மாமா. அமுக்கிக்கிறோம். அக்காகிட்ட நானே சொல்லிக்கிறேன்."

மணி போய்விட்டால் ஏழு நாளும் கம்ப்ரசர்தான் கதி.

தெரிந்த கடைக்காரரிடம் ஒரு பை நிறைய மணிகளை இரவல் வாங்கிவந்து வீட்டுக் கூடத்தில் பரப்பினார். தீர்ப்பு சொல்வது வழக்கம்போல் மனைவி. பக்கத்து அறையில் தைத்துக்கொண்டிருந்தவள் மெஷினை நிறுத்தி, காது கொடுத்துக் கேட்டு, "இது பரவால்ல," என்பாள். இல்லாவிட்டால், "உள்ள கொஞ்சம் துணி வைங்க." பழைய மணியும் இப்படித் தேறியதுதான். அதன் வயிற்றில் பாதிக்கு மேல் துணி.

அவள் குளிக்கப் போனதும் இன்னும் தட்டிப் பார்க்காமல் மிச்சமிருந்த ஒன்றை எடுத்தார். அகலமான வாய், கனத்த தகடு. ஒரே தட்டு. முகமெல்லாம் சோப்போடு அவள் கதவைத் திறந்து தலையை நீட்டினாள்.

"என்னங்க அது, தகர டின்னைப் போட்டு உடைக்கிற மாதிரி! அந்தச் சனியனை முதல்ல திருப்பிக் குடுங்க!"

மூடிய கதவு, திறந்த குழாய், இரண்டையும் தாண்டிக் கேட்டிருக்கிறது. மற்ற மணிகளுக்கு அவள் மெஷினை நிறுத்த வேண்டியிருந்தது. இத்தனை நாளும் தான் வீட்டுக்குத் தோதான மணியைத்தான் வாங்கியிருக்கிறோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அந்தச் சனியனைத் தவிர மற்றதையெல்லாம் திருப்பிக் கொடுத்தார்.

சனிக்கிழமை அவள் எப்போதும்போல் கடைசி வரிசையில் உட்கார்ந்து யாருடைய பாவாடைக்கோ ஓரம் தைத்துக்கொண்டிருந்தாள். பாட்டு சூடு பிடித்தது. அவர் தட்டினார். ஊசியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

முடிந்ததும் மச்சினன் பட்டன் பேச்சையே எடுக்கவில்லை. "அடுத்த வாரம் கொஞ்சம் பாத்து அடிங்க மாமா," என்றான். அவளும் வந்து சேர்ந்தாள்.

"இத்தனை வருஷத்துல நீங்க அடிச்சு இன்னைக்குத்தாங்க கேக்கறேன்."

"வாராவாரம் நல்லா இருந்துச்சுன்னு சொல்வியே?"

"நல்லாத்தான் இருந்துச்சு. தம்பி ஊதினான்ல." காதைத் தேய்த்துக்கொண்டாள். "இன்னைக்கு அவன் ஊதினதே கேக்கல."