வாளை ஏறிய பிறகு வந்த காவல்

நெய்யாற்றில் சேரும் அமரவிளை ஓடையின் வாயில் கனகதாஸ் முப்பது வருஷம் மூங்கில் கூடு வைத்து மீன் பிடித்தவர். முதல் மழைக்கு ஆற்றுவாளை முட்டையிட ஓடை வழியே வயலுக்கு ஏறும். ஏறும் வழியிலேயே ஊர் திரண்டு அள்ளும். ஊத்தப்பிடித்தம் என்று அதற்குப் பெயர், திருவிழாக் கூத்துதான். அள்ளி அள்ளி, மற்ற நாளில் வாளையைக் கண்ணில் காண்பதே அரிதாகிவிட்டது. அதை மீட்க அரசாங்கம் திட்டம் போட்டபோது, மீனின் வழி தெரிந்தவர் என்று கனகதாஸையே ஓடைக்குக் காவல் வைத்தது. ஊர் வாய்விட்டுச் சிரித்தது.

காவல் தொடங்கும் நாள் ஜூன் பத்து. கேரளக் கடலில் விசைப்படகுத் தடைக்குப் போட்ட தேதியை எந்தப் புண்ணியவானோ அப்படியே ஆற்றுக்கும் ஒட்டிவிட்டான். திட்டத்தை விளக்கிய கூட்டத்தில் கனகதாஸ் எழுந்தார்.

"சாறே, வாளைக்கு கலண்டர் தெரியாது. எப்பம் மழை வருதோ அப்பம் ஏறும். காவலும் மழையோட தொடங்கணும்."

மீன்துறை அதிகாரி அனூஜ் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "பிளான் பாஸாயாச்சு சேட்டா."

இந்த வருஷம் மழை மே மாதமே கொட்டித் தீர்த்தது. கனகதாஸ் போன் மேல் போன் போட்டார். பத்தாம் தேதிக்கு முன்னால் ஆளனுப்ப உத்தரவில்லை என்றார்கள். தனியாக ஓடைக்கு ஓடினார். பக்கத்து வீட்டு அஜேஷும் கூட்டாளிகளும் முழங்கால் தண்ணீரில் வலை கட்டி நின்றார்கள்.

"எலே அஜேஷ், வயிறு நிறைய முட்டையாக்கும்! விடுலே!"

"முப்பது வருஷம் நீரு பிடிச்சப்பம் அதுக்கு முட்டை இல்லியோ மாமா?"

கனகதாஸுக்குக் கொதித்த ஆத்திரத்தில் பாதி தன்மேலேயே இருந்தது. வலையைப் பிடித்து இழுத்தார். நாலு பேர் அவரைத் தூக்கிக் கரையில் போட்டார்கள். மத்தியானத்துக்குள் பதினொரு சாக்கு நிறைந்தது.

ஜூன் பத்தாம் தேதி ஜீப் வந்தது. பேனர், விசில், புதுச் சட்டையில் நான்கு காவலர்கள். வாளை இல்லாத ஓடையை ஒரு வாரம் கண்விழித்துக் காத்தார்கள். பிறகு அனூஜ் அறிக்கையை நீட்டினார். காவல் காலத்தில் ஒரு வாளைகூடப் பிடிபடவில்லை, திட்டம் வெற்றி என்று அதில் இருந்தது.

"ஒரு கையெழுத்து, சேட்டா."

கனகதாஸ் பேனாவை வாங்கி, 'மே மாதம் பதினொரு சாக்கு. எல்லாம் சினைமீன்' என்று எழுதி, அதன் கீழே கையெழுத்துப் போட்டார்.

அனூஜ் அந்தத் தாளைக் கிழித்துவிட்டு வேறொன்று எடுத்தார். காவலர்கள் நான்கு பேரும் வரிசையாகக் கையெழுத்திட்டார்கள். அவர்கள் வந்த பிறகு ஒரு மீனும் பிடிபடவில்லை என்பது சத்தியம்தானே.