மசக்கை மண்

கருப்பாத்தாள் யாருக்கும் பயந்தவள் இல்லை. ஊற்றிய பால் குறைகிறது என்று எவளாவது முனகினால், "உங்க ஊட்டுப் பூனையக் கேளு அம்மணி" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவாள். கொழிஞ்சாம்பாறைக் கடைவீதியின் பின்பக்கம் ஓடையோரத்தில் இரண்டு எருமைகளை வைத்துக்கொண்டு, புருசனில்லாமல் ஒற்றை மகளை வளர்த்துக் கட்டிக்கொடுத்தவள். அப்பேர்ப்பட்டவளுக்கு அந்த வருசம் கண்ணில் பொட்டுத் தூக்கமில்லை.

மகள் மருதாத்தாளுக்கு முன்பு இரண்டு தடவை உண்டாகி, இரண்டும் கலைந்துபோயின. மூன்றாவதும் தங்காவிட்டால் மகனுக்கு வேறு பெண் பார்ப்பதாக மாமியார்க்காரி வாய்விட்டே சொல்லிவிட்டாள். அவள் நாக்கில் கொள்ளியை வைக்க! கருப்பாத்தாள் மகளை முன்கூட்டியே கூட்டிவந்து, பப்பாளியைக் கண்ணில் காட்டாமல், குடத்தைத் தூக்கவிடாமல் காத்தாள். மகள் ஆசையாகக் கேட்டது ஓடைக்கரை மண் ஒன்றுதான். மசக்கைக்காரி கேட்டு மறுப்பார்களா? கருப்பாத்தாளும் அதே கரை மண்ணைத் தின்றுதான் இவளைப் பெற்றாள். தினமும் சேற்றை அள்ளி அடுப்போரம் காயவைத்து, வில்லை வில்லையாகக் கொடுத்தாள்.

"இனிக்குதும்மா" என்பாள் மகள். பெற்றவளுக்கு வயிறு குளிர்ந்துபோகும்.

ஒருநாள் எருமைக்கன்று பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு, சுவரில் முட்டி முட்டி விழுந்து செத்தது. மாட்டாஸ்பத்திரி டாக்டர் வந்து வயிற்றை அறுத்துப் பார்த்தார்.

"இது எங்கே மேயும்?"

"ஓடையிலதானுங்க. கரை மண்ண நக்கிக்கிட்டே நிக்குமுங்க."

டாக்டர் ஓடையின் மேல்பக்கம் பார்த்தார். அங்கே பழைய பஸ் பாட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் கொட்டகை புகைந்துகொண்டிருந்தது.

"ஈய விஷம்னு தோணுது. தண்ணி தெளிஞ்சு ஓடும், ஈயம் அடிச் சேத்துல தங்கிரும். மாட்டை அங்கே விடவேண்டா."

கருப்பாத்தாள் டாக்டரை நெருங்கி வந்தாள். "ஏனுங்க, மனுசருக்கு ஆகாதுங்களா?"

"மண்ணை யாரு தின்னப்போறா?" என்று சிரித்தவர், அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விட்டார்.

"எம் மகளுங்க. புள்ளத்தாச்சி."

"ஈயம் கருவையே கலைச்சிரும். இப்பவே பாலக்காட்டுப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. மண்ணுன்னு மறைக்காம சொல்லுங்க. அந்தக் கொட்டகை வந்து எத்தனை காலமாச்சு?"

"மக கல்யாணத்து வருசம் வந்துச்சுங்க."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே உறைத்தது. வீட்டுக்கு ஓடினாள். அடுப்போரம் காய்ந்த வில்லைகளை வாரிக் குப்பையில் கொட்டினாள். மூச்சு வாங்க, டாக்டர் சொன்னது அத்தனையும் மகளிடம் சொன்னாள்.

"சீலைய மாத்து கண்ணு. அடுத்த பஸ்ஸப் புடிக்கோணும்."

மருதாத்தாள் அசையவில்லை.

"ஏம்மா, மொத ரெண்டு தடவையும் பொட்டணங் கட்டிக் குடுத்துவிட்டியே, அது எந்த மண்ணு?"

பொய் சொல்லிவிடலாமா என்று கருப்பாத்தாளுக்கு ஒரு கணம் தோன்றியது.

"இதே மண்ணுதான் கண்ணு. நாந்தான் அள்ளிக் குடுத்தேன்."

மருதாத்தாள் இரண்டு கைகளாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டு, அம்மாவை விட்டுத் தள்ளி உட்கார்ந்தாள்.