அந்த அலறல் அவருடையதில்லை

நான் குடியேறிய ரோவில் என்ற புறநகரில் இருந்து, த பேசின் என்ற ஊர்ப் பக்கமாக ஒரு வீட்டுக்கு வாரத்தில் மூன்று காலைகள் வேலைக்குப் போய் வந்தேன். முதியவர்களை வீட்டிலேயே வைத்துப் பராமரிக்க ஆள் அனுப்பும் ஒரு நிறுவனத்தில் எனக்கு வேலை. அந்த வீட்டில் தனியாக இருந்தவர் எண்பதை நெருங்கிய ஓர் இத்தாலியப் பெண். கைகள் நடுங்கும், ஆனால் நினைவு தெளிவாக இருந்தது. சுவர் பூசும் வேலை செய்த கணவர் இறந்துவிட்டார். ஒரே மகன் நகரத்துக்குள் இருந்தார்.

முதல் நாள் குளிக்க வார்க்கும்போதே அவருடைய இடது தோளில் இருந்து நெஞ்சுப் பக்கம் இறங்கிய தழும்பைக் கண்டேன். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவராகத்தான், இளவயதில் கண்ணாடிக் கதவு உடைந்து வெட்டியது என்றார். அதற்குமேல் நானும் அதை நினைக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை மகன் இரண்டு நண்பர்களோடு வந்தார். கையில் ஒரு டிவிடி. தாய் கல்யாணத்துக்கு முன் ஒரு படத்தில் நடித்தார் என்பதே அவருக்கு அண்மையில்தான் தெரிந்ததாம். பழைய படங்களைத் தேடிச் சேர்க்கும் யாரோ ஒருவர் அவருக்கு எழுதியிருந்தார். படத்தை இப்போது துப்புரவாக்கித் திரும்ப வெளியிட்டிருக்கிறார்கள் என்று சந்தோசமாகச் சொன்னார். அந்தக் காலத்து இத்தாலியில் இப்படிப் படங்கள் நிறைய வந்தனவாம். கறுப்புக் கையுறை போட்ட ஒருவன் பெண்களை ஒவ்வொருத்தியாகக் கொல்வான். அவன் யாரென்பது கடைசியில்தான் தெரியும். மஞ்சள் அட்டை போட்ட மலிவுத் துப்பறியும் நாவல்களில் இருந்து வந்தவை என்பதால் இவற்றுக்கு ‘ஜாலோ’ என்று பெயர். ஜாலோ என்றால் மஞ்சள்.

தாய் வேண்டாம் என்றார். கூச்சப்படுகிறார் என்று நினைத்து மகன் படத்தைப் போட்டார். நான் குசினியில் சூப் சூடாக்கியபடி கதவால் பார்த்துக்கொண்டு நின்றேன்.

படத்தில் அவர் வந்தது ஐந்து நிமிடம்கூட இல்லை. பச்சை ஓடு பதித்த குளியலறை. மிக அழகான ஒரு பெண், தோள் வரை தலைமயிர். திரைக்குப் பின்னாலிருந்து கையுறை போட்ட கை வருகிறது, கையில் சவரக் கத்தி. சுவரிலும் தொட்டியிலும் தெறித்த இரத்தம் பெயின்ற் போல வெளிர்ச் சிவப்பு. ஆனால் இடது தோளில் வழிந்தது கறுத்த சிவப்பு. அந்தத் தோளை முந்தின நாள்தான் நான் துடைத்துவிட்டிருந்தேன்.

நண்பர்கள் கைதட்டினார்கள். அவர் திரையைப் பார்க்கவில்லை, மடியில் இருந்த தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். “அது என்ர குரல் இல்லை,” என்றார். ஆங்கிலத்தில்தான் சொன்னார். எனக்கு நினைவில் நிற்பது என் பேச்சில்தான். மகன் சிரித்துக்கொண்டே அவர் தலையில் முத்தமிட்டார்.

அடுத்த முறை குளிக்க வார்க்கும்போது அவராகவே கதையைத் தொடங்கினார்.

“அந்தக் கத்தி மொட்டையா இருக்க வேணும். வெளிச்சத்தில மினுங்கேல்லை எண்டு ஆரோ மாத்திப் போட்டினம். எனக்குச் சொல்லேல்லை. நான் உண்மையாத்தான் கத்தினனான். அந்த நாளில குரலைப் பிறகுதான் சேர்க்கிறது. என்ர கத்தல் வடிவில்லை எண்டு எறிஞ்சுபோட்டு வேற ஒருத்தியைக் கத்த வைச்சவை. வெட்டினதை மட்டும் படத்தில வைச்சிருந்தவை.”

கையுறைக்குள் இருந்தது யார் என்று கேட்டேன்.

“தெரியாது. அண்டைக்கு ஆர் சும்மா நிண்டானோ அவன் அந்த உடுப்பைப் போடுவான். முகமும் மூடித்தான். ஒவ்வொருத்தராக் கேட்டனான். ஒருத்தனும் தான் எண்டு சொல்லேல்லை. எல்லாரும் எனக்குக் கோப்பி வாங்கித் தந்தவை.”

துவாயோடு அப்படியே நின்றேன். சண்டைக் காலத்தில் எங்கள் ஊரில் இராணுவத்தின் சுற்றிவளைப்பு நடக்கும்போது ஆட்களை வரிசையில் விடுவார்கள். முகத்தைச் சாக்கால் மூடிய ஒருவன் ஜீப்பில் இருப்பான். அவனைத் தலையாட்டி என்போம். அவன் தலையை ஆட்டினால் முன்னால் நிற்பவரை ஏற்றிப் போவார்கள். என் அண்ணனை அப்படித்தான் கொண்டுபோனார்கள். சாக்குக்குள் இருந்தவன் யார் என்று அம்மா சாகும்வரை யோசித்தார். கடைக்காரரை, அண்ணனின் சிநேகிதனை, கடைசியில் தன் சொந்தத் தம்பியைக்கூடச் சந்தேகித்தார். இதை நான் அந்தப் பெண்ணுக்குச் சொல்லவில்லை. தண்ணீர் ஆறுகிறது என்று சொல்லி அவரை எழுப்பினேன்.

உடுப்பு மாற்றும்போது அவர் என் கையைப் பிடித்தார். நகரத்தில் ஒரு தியேட்டரில் படத்தைப் போடப் போகிறார்கள், தன்னையும் மேடைக்கு ஏற்றப் போகிறார்கள், நடந்ததை மகனிடம் நீ சொல்லு என்றார். நீங்களே சொல்லலாமே என்றேன். “அவன்ர தகப்பனுக்கே கண்ணாடி எண்டுதான் சொன்னனான். இனி என்ர வாயால ஏலாது.”

சொல்கிறேன் என்றுதான் சொன்னேன். வாடிக்கையாளரின் குடும்ப விசயத்தில் தலையிடக் கூடாது என்பது எங்கள் வேலையின் விதி. வீட்டில் என் கணவரிடம் சொன்னபோது, “உனக்கேன் அவையின்ர கதை? பேசாமல் வேலையைச் செய்துபோட்டு வா,” என்றார். மூன்று கிழமை போனது. ஒவ்வொரு காலையும் அவர் என் முகத்தைப் பார்ப்பார். நான் கட்டில் விரிப்பைச் சரிசெய்வேன்.

படம் போட்ட ஞாயிறு பின்னேரம் அவரைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு நானும் தியேட்டருக்குப் போனேன். வந்தவர்கள் பெரும்பாலும் இளையவர்கள். சிலர் பகிடிக்குக் கறுப்புக் கையுறை போட்டிருந்தார்கள். ஒரு பெண் பிள்ளை அந்தக் குளியலறைக் காட்சியின் படத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்டாள். அவர் நடுங்கி நடுங்கிப் போட்டுக் கொடுத்தார். படம் முடிந்ததும் மேடையில், எப்படி அவ்வளவு தத்ரூபமாக அலறினீர்கள் என்று கேட்டார்கள். “அது நான் இல்லை,” என்றார். சபை சிரித்துக் கைதட்டியது. மகனும் சிரித்தார்.

திரும்பும்போது காரில் சொல்லிவிட்டேன். கத்தி, தோள், எறிந்த குரல், எல்லாவற்றையும். மகன் கண்ணாடியில் தாயைப் பார்த்து, உண்மையா அம்மா என்று கேட்டார். அவர் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்சத் தூரம் போனபின், அம்மாவின் ஆங்கிலம் உங்களுக்கு விளங்கியிருக்காது என்றார் மகன். அடுத்த கிழமை அந்த வீட்டுக்கு வேறு ஆள் போனாள். குடும்பம் மாற்றம் கேட்டது என்று மட்டும் அலுவலகத்தில் சொன்னார்கள்.

ஐந்தாறு மாதம் கழித்து, மரக்கறி வாங்கிக்கொண்டு கார் தரிப்பிடத்தில் நின்றபோது மகன் போனில் அழைத்தார். தாய்க்குப் பக்கவாதம் வந்து பேச்சு நின்றுவிட்டதாம். பராமரிப்பு நிலையத்தில் உடுப்பு மாற்றும்போதுதான் அந்தத் தழும்பை முதன்முதலாக முழுதாகப் பார்த்தாராம். பிறகு வீட்டுக்குப் போய், அந்தக் காட்சியை நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்கிறார். அந்தப் படத்தில் வேலை செய்தவர்களைத் தேடி எழுதினாராம். இன்னும் உயிரோடு இருந்த ஒருவர், அப்படி ஒன்றும் நடந்ததாக நினைவில்லை என்று பதில் போட்டாராம்.

அம்மா வேறு என்ன சொன்னார் என்று கேட்டார். தெரிந்ததைச் சொன்னேன், தாய் முன்னமே என்னைச் சொல்லச் சொன்னதையும், நான் மூன்று கிழமை பேசாமல் இருந்ததையும். பிறகு, “அம்மாவுக்கு என்னில கோபமா?” என்றார்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் கோபம் என்றோ இல்லை என்றோ தாய் என்னிடம் சொன்னதில்லை. தெரியாது என்றேன். நன்றி சொல்லிவிட்டு அவர் போனை வைத்தார்.